பத்து யார் வெள்ளைப் புடவை

"கேட்டயா புள்ள கதைய? மனிசன் இன்னும் மூச்சு விட்டுட்டுக் கிடக்கான், அவள் கபன் புடவை எடுத்துட்டாள்!"

ஸுல்பிகா ராத்தா வேலிக்கு மேலால தலைய நீட்டிச் சொன்னா. மருதமுனையில எங்கட தெருவுக்கு அந்த எண்பத்திரண்டாம் ஆண்டு ரேடியோ தேவைப்படல்ல. ராத்தா இருந்தா.

"ஆருக்கு ராத்தா கபன்?"

"ஆருக்கா? என்ட தம்பி முத்தலிபுக்குத்தான். அவன்ட பொண்டாட்டி றம்லா, பக்கீர் முகைதீன்ட கடையில பத்து யார் நீளம் வெள்ளைப் புடவைத் துணி அளந்து எடுத்திரிக்காள். மௌத்தானா ஆம்பிளையச் சுத்தி அடக்கக் கபன் மூணு துண்டு, பொம்புளைக்கு அஞ்சு துண்டு. மூணு துண்டுக்குப் பத்து யார் தாராளம். கணக்குப் பார்த்தெல்லோ எடுத்திரிக்காள் கள்ளி!"

முத்தலிபுக்குக் கன்னத்தில கென்சர். பெரியாஸ்பத்திரியில ஒரு மாசம் வெச்சிருந்துட்டு, "இனி ஊட்ட வெச்சுப் பாருங்க" எண்டு அனுப்பிட்டாங்க. ஊட்ட வெச்சு எப்படிப் பார்க்கிறதெண்டு சொல்லல்ல. அந்தக் குறைய நாங்க தீர்த்தம். ஒருத்தி பப்பாசிப் பால் பூசச் சொன்னாள், ஒருத்தி பூசவே வேணாமெண்டாள். நோயாளியப் பார்க்கப் போறது பெரிய நன்மை. அந்த நன்மைய அள்ளத் தெருவே பிஸ்கட் பெட்டியோட வந்து வாசல்ல நிண்டிச்சு.

றம்லா கதவத் திறக்கல்ல. "அவர் நித்திரை" எண்டு யன்னலால சொல்லுவாள். பிஸ்கட்டையும் யன்னலாலதான் வாங்குவாள்.

அதே கதவு தங்கேஸ்வரி மிஸ்ஸிக்கு மட்டும் திறக்கும். பாண்டிருப்புப் பொம்புளை. ஆஸ்பத்திரியில தாதி வேலை முடிஞ்சு பின்னேரத்தில சைக்கிள்ல வருவா, ஒரு மணித்தியாலம் உள்ள இருந்துட்டுப் போவா.

"கூடப்பிறந்தவளுக்குப் பூட்டு, வெளியூர்க்காரிக்குத் திறப்பு!" எண்டு ராத்தா நெஞ்சில அடிச்சா. "என்னத்த மறைக்கிறாள் இவள்?"

எனக்கும் பொறுக்கல்ல. ஒரு நாள் யன்னலடியில போய் நேராவே கேட்டன்.

"ஏன் றம்லா, வெள்ளைப் புடவை எடுத்தயாமே?"

அவள்ற கண் கலங்கிட்டு.

"ஓம், எடுத்தன்" எண்டாள். அதோட யன்னலையும் சாத்திட்டாள்.

நான் அத அப்படியே கொண்டு போய்த் தெருவுக்குக் குடுத்தன். ஒரு சொல்லும் கூட்டல்ல. கூட்டத் தேவையும் வரல்ல.

ஒண்டரை மாசம் போச்சு. ஒரு வெள்ளிக்கிழமை சுபஹுத் தொழுகைக்குப் பிறகு முத்தலிப் மௌத்து.

அண்டைக்குக் கதவு திறந்திச்சு. மணக்குமெண்டு நான் முந்தானைய மூக்கில பிடிச்சிட்டுத்தான் உள்ள போனன். ஒரு மணமும் இல்ல. மிஸ்ஸி தலைமாட்டில நிண்டா. முத்தலிப்ட முகத்தில ஒரு பக்கம் வெள்ளைத் துணியால துப்புரவாக் கட்டியிருந்திச்சு. மத்தப் பக்கம் நித்திரை கொள்ற மாதிரி இருந்திச்சு.

"கபன எடு" எண்டா ராத்தா. "அதுதான் எப்பவோ வாங்கி வெச்சிரிக்கியே."

"இல்ல மச்சி" எண்டாள் றம்லா.

"இல்லையா? பத்து யாரும் எங்கடி போச்சு?"

றம்லா பின்கதவத் திறந்து காட்டினாள். கொடி முழுக்க நாலு விரல் அகலத்தில கிழிச்ச வெள்ளைத் துண்டுகள். அவிச்சு அவிச்சு, நூல் நூலாப் போயிட்டு.

"ஒரு நாளைக்கு மூண்டு தரம் புண்ணக் கழுவிக் கட்டு மாத்த வேணும்" எண்டு மிஸ்ஸி சொன்னா. "நெசவுக்கார ஊரில எல்லாம் சாயப் புடவைதானே, சாயம் புண்ணுக்கு ஆகாது. நான்தான் வெள்ளை எடுக்கச் சொன்னனான்."

"அத என்னட்டச் சொன்னா என்னடி?"

"அவர் சத்தியம் வாங்கிட்டார் மச்சி. புண்ண ஒருத்தரும் பார்க்கப்படாது, நாறிக் கிடந்து செத்தான் எண்டு ஊர் கதைக்கப்படாது எண்டு அழுதார். என்னைக் கதைச்சாக் கதைக்கட்டும், அவரக் கதைக்காம இருந்தாப் போதுமெண்டு இருந்துட்டன்."

நாங்க எல்லாரும் நிலத்தப் பார்த்தம்.

ஆனா கபனுக்கு என்ன செய்ற? வெள்ளிக்கிழமை, கடையெல்லாம் பூட்டு. கடைக்காரர் பக்கீர் முகைதீனும் விடியவே சாய்ந்தமருதுக்கு மகள்ற ஊட்ட போயிட்டார். பகல் ஜும்மாத் தொழுகையோட அடக்கணும்.

ராத்தா கண்ணத் துடைச்சிட்டு எழும்பினா.

"என்ட மௌத்துக்கெண்டு நான் வெட்டி மடிச்சு வெச்ச கபன் அலுமாரியில கிடக்கு. என்ட தம்பிக்கு இல்லாத கபன் எனக்கென்னத்துக்கு?"

ஓடிப் போய்க் கொண்டு வந்து குடுத்தா. மாஷா அல்லாஹ், எவ்வளவு பெரிய மனசு! அழாத பொம்புளை இல்ல அந்த ஊட்ட. றம்லாவும் ராத்தாட கையப் பிடிச்சு அழுதாள்.

மையித்துக் குளிப்பாட்ட வந்த முகைதீன்பாவா காக்கா பொட்டலத்தப் பாயில வெச்சுப் பிரிச்சார். ஒவ்வொண்டா எடுத்து எண்ணினார். திரும்பவும் எண்ணினார்.

"பொம்புளைட கபன் அஞ்சு துண்டெல்லவா ஸுல்பிகா? இதில மூணுதானே இரிக்கி."