புல்டோசருக்கு ஒரு பரீட்சை

மைதானத்தை ஒட்டிய மருத்துவ அறையில், தலையில் ஐஸ் பையோடு உட்கார்ந்திருந்தார் புல்டோசர். ரக்பியில் அவர் மோதிச் சாய்த்தவர்களை வரிசையாகப் படுக்கவைத்தால் பக்கத்து நாட்டு எல்லையைத் தாண்டும். அப்பேர்ப்பட்டவரை இன்று ஓர் ஒல்லி டாக்டரம்மா கதவை மறித்து நின்று தடுத்துக்கொண்டிருந்தார்.

வெளியே இறுதிப் போட்டி முடியும் தறுவாயில் இருந்தது. தேசிய அணி ஒரே ஒரு புள்ளியில் பின்தங்கியிருந்தது.

"விடுங்க டாக்டரம்மா! நான் இல்லாம பசங்க திணறிப்போவாங்க."

"தலையில அடிபட்டா, கேள்விக்குப் பதில் சொல்லிட்டுத்தான் வெளியே போகணும்."

"சீக்கிரம் கேட்டுத் தொலைங்க!"

"இது என்ன போட்டி?"

"ஃபைனல்!"

"சரி. நமக்குக் கடைசியா புள்ளி எடுத்தது யாரு?"

"இதென்ன கேள்வி? நான்தான்! ரெண்டு தடியனுங்களை முதுகுல சுமந்துக்கிட்டே எல்லைக்கோட்டைத் தாண்டி விழுந்தேனே, பார்க்கலையா?"

டாக்டரம்மாவின் முகம் வெளிறியது. "மன்னிச்சிடுங்க சார். உங்களை அனுப்ப முடியாது."

வெளியே கூட்டத்தின் அலறலில் கூரை பிய்த்துக்கொண்டு போனது. புல்டோசர் எழுந்தார்.

"ஏன்? தப்பா சொல்லிட்டேனா?"

"சார், நீங்க ஆடுறதை விட்டு வருஷக்கணக்காச்சு. கோட்டுக்கு வெளியே நின்னு கத்திக்கிட்டிருந்தப்போ நம்ம பசங்களே உங்க மேல வந்து விழுந்துட்டாங்க. நீங்க இப்போ கோச்."

புல்டோசர் குனிந்து பார்த்தார். ஜெர்சியைக் காணோம். தொப்பைமேல் டை தொங்கியது.

"நானா கோச்?"

"ஆமா சார்."

"அப்போ நான் சொன்னா எல்லாரும் கேட்கணும்ல?"

"கேட்கணும்தான்..."

புல்டோசர் நெஞ்சை நிமிர்த்தினார்.

"அப்போ அந்தப் புல்டோசரை உடனே உள்ளே இறக்குங்க!"