அத்தி மரத்தடி விரால்

தவளை விழுந்த இடத்தில் தண்ணீர் தெரியவில்லை. ஆகாயத்தாமரையும் கோரையும் அவ்வளவு நெருக்கம்.

வடிவேலு மூங்கில் கோலைத் தாழ்த்திப் பிடித்தான். தூண்டில் முள்ளில் மாட்டிய தவளை இலைமேல் ஒரு தத்துத் தத்தியது. நின்றது. இன்னொரு தத்து.

ரப்பர் தோட்டத்துக்குக் கீழே கிடந்த அந்தச் சதுப்பின்மேல் ஒரு காட்டு அத்தி சாய்ந்து, பட்டப்பகலையே அந்தியாக்கி வைத்திருந்தது. கிளைகள் தண்ணீரைத் தொட்டன. கோலை ஓங்கி வீச வழியில்லை, கிளைக்கு அடியில் மெல்ல நீட்டித்தான் விடவேண்டும். பெரிய விரால் கிடக்கிற இடமும் அதுதான். செடிக்கு நடுவே சட்டி வாய் அகலத்துக்கு ஒரு கறுத்த ஓட்டை. மூச்சுவிட அது அங்கேதான் மேலே வரும்.

வந்தது. ஒரு குமிழி விட்டது. போய்விட்டது.

வீட்டில் அவன் பெண்டாட்டி பெத்தம்மாள் காலை நீட்டிக்கொண்டு கிடக்கிறாள். மழைக்காலத்தில் ரப்பர் பால் வெட்டப் போன இடத்தில் கணுக்காலுக்குமேல் முள் கிழித்தது. ஆறு வாரமாகியும் புண் வாய் மூடவில்லை. ஆஸ்பத்திரி மருந்துக்கும் அசையவில்லை. விரால் குழம்பு மூன்று வேளை உள்ளே போனால் எந்தப் புண்ணும் ஆறிவிடும் என்று லயத்து வரிசை வீடுகளில் எல்லாரும் சொன்னார்கள். பக்கத்துக் கிராமமான கம்பத்து மலாய்க்காரர்களும் அதையேதான் சொன்னார்கள்.

திங்கட்கிழமை காலைப் பெரட்டில், எல்லாரையும் வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடும்போது, துரை ஆள் பொறுக்கப் போகிறார். ரப்பர் விலை விழுந்த வருஷம் அது. பாதித் தோட்டத்தில் வெட்டு நின்றுபோயிற்று. புருஷன் பெண்டாட்டி இருவரும் காலூன்றி நின்றால் இருக்கலாம். ஒருவர் முடியாதவர் என்றால் இருவருமே ஊருக்கு, நாகப்பட்டினம் கப்பல் ஏற வேண்டியதுதான்.

பெத்தம்மாள் ஏற மாட்டேன் என்கிறாள். அவள் பெற்ற மூன்றும் லயத்துக்குப் பின்னால் ரப்பர் மரங்களுக்கு அடியில் கிடக்கின்றன. மூன்றும் இந்தத் தோட்டத்துக் காய்ச்சலில் போனவை. ஒன்றுகூட ஒரு வயது தாண்டவில்லை, பாவம். வெள்ளிக்கிழமை தவறாமல் போய் அந்த மண்மேட்டுப் புல்லைப் பிடுங்கிவிட்டு வருவாள். காலில் புண் வந்த பிறகும் நொண்டிக்கொண்டே போனாள்.

கீரை பறிக்க வந்த குஞ்சம்மா கரையில் நின்றுவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரி, இவனுக்கு மூத்தவள், வாய் சும்மா இருக்காது.

"ஏண்டா தம்பி, மீன் புடிக்கிறியா, தவளைக்கு நீச்சல் சொல்லிக் குடுக்கிறியா? நாலு நாளா வெறுங்கூடைதான தூக்கிட்டுப் போற!"

"பேசாம போக்கா, சத்தம் கேட்டா ஓடிரும்."

அவள் சிரித்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, "பெத்தம்மா பாவம்லா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மேட்டில் ஏறிப் போனாள்.

அப்போதுதான் செடி வெடித்தது.

தவளையைக் காணவில்லை. நூல் பக்கவாட்டில் ஓடியது. உடனே இழுக்கக் கூடாது. விரால் கவ்விக்கொண்டு கீழே போய்த்தான் விழுங்கும். வடிவேலு பல்லைக் கடித்துக்கொண்டு பத்துவரை எண்ணினான். பிறகு இழுத்தான்.

கோல் வளைந்து கிளையில் இடித்தது. மீன் வேர்களுக்குள் புகுந்து நூலைச் சுற்றிக்கொண்டது. கோலைப் போட்டுவிட்டு இடுப்பளவு சேற்றில் இறங்கினான். நூலைப் பிடித்துக்கொண்டே செடியை இரண்டு கையாலும் விலக்கி விலக்கிப் போனான். அட்டை ஏறியதுகூட உறைக்கவில்லை. கடைசியில் வேருக்கடியில் கையை விட்டுச் செவுளோடு சேர்த்துப் பிடித்துத் தூக்கினான்.

முழங்கை நீளம். கன்னங்கரேலென்று, முறுக்கிக்கொண்டு.

மூன்று வேளை என்ன, நாலு வேளைக்கே வரும்.

அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மேட்டைப் பார்த்தான். யாரும் இல்லை.

கோலை எடுத்துக்கொண்டு கிளம்பும்போதெல்லாம், இன்று கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும் என்றுதான் கிளம்புகிறான். அதில் பொய்யில்லை. அவள் வலியில் முனகுவதைக் கேட்டுக்கொண்டுதானே பக்கத்தில் படுத்திருக்கிறான்? ஊருக்குப் போய்விடலாம் என்று அவளிடம் ஒருமுறை வாய்விட்டான். இரண்டு நாள் அவள் பேசவில்லை. மறுபடி கேட்கத் தைரியம் வரவில்லை.

முள்ளை மெதுவாகக் கழற்றினான். வாய் கிழியாமல், அத்தனை பதமாக. குனிந்து, மீனைத் தண்ணீருக்குள் வைத்து விட்டுவிட்டான்.

நாலு நாளில் அவன் அப்படி விட்டது அது மூன்றாவது.

லயத்துக்கு வந்தபோது தூறல் பிடித்துக்கொண்டது. பெத்தம்மாள் கூடையைப் பார்க்கவே இல்லை. அவன் முகத்தைப் பார்த்தாள், அது போதுமாயிருந்தது.

"விடுங்க, நாளைக்கு மாட்டும். மாட்டாட்டியும் என்ன, துணிய இறுக்கிக் கட்டிக்கிட்டுப் பெரட்டுல நின்னுருவேன். மொதல்ல தலையத் தொவட்டுங்க."

அவன் பாயோரத்தில் உட்கார்ந்தான். அவள் அவன் கையை இழுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள். முகத்தில் எத்தனையோ நாளைக்கப்புறம் ஒரு சிரிப்பு.

உள்ளே ஏதோ மெல்லப் புரண்டது.

ஐந்தாம் மாதம். முந்தின மூன்றும் இதே வீட்டில், இதே ஐந்தாம் மாதத்தில்தான் புரள ஆரம்பித்தன.

வடிவேலு கையை எடுக்கவில்லை. கப்பல் இந்த மாதம் கிளம்பினாலும் சரி, அடுத்த மாதம் கிளம்பினாலும் சரி, பிறப்பதற்குள் ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று எண்ணிக்கொண்டான்.