மூன்று வருடப் பொய்

"வயசுல மூணு வருஷம் பொய், சாஹிப்."

தேர்வாளர் இக்ராமுல்லா பேனாவை நிறுத்தினார். காலையிலிருந்து எண்பது பேர் வந்துபோய்விட்டார்கள். மீசையை மழித்துக்கொண்டு வந்து பத்தொன்பது என்றவர்கள், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனாக இருந்தும் இருபது என்றவர்கள். கேட்காமலே பொய்யை ஒப்புக்கொண்ட முதல் ஆள் இவன்தான்.

"பேரு?"

"இம்தாத். கிரிக்கெட் வாரியத்துப் பட்டியல்ல என் பேரு இருக்கும். ஆனா அதுல போட்டிருக்கிற வயசு நெசமில்ல. அதான் படிவத்துல காலியா விட்டேன்."

"பட்டியல்ல இருக்கா? அப்போ முதல்தர ஆட்டம் ஆடியிருக்கியே."

"மூணே ஆட்டம். சர்க்கரை ஆலை டீமுக்கு. அப்புறம் டீமையே கலைச்சுட்டாங்க."

"எவ்வளவு அடிச்ச?"

"அஞ்சு இன்னிங்ஸ்ல பத்தொம்பது."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த எழுத்தர் பஷாரத் சிரித்துவிட்டான். "டீ ஆறதுக்குள்ள திரும்பி வந்திருப்பாரு போல."

"வேகமாப் போடறவங்கன்னா பயம், பாய். எல்லாப் பந்தும் நெஞ்சுக்கு வரும்." இம்தாத் அதையும் மறைக்கவில்லை.

"இப்போ என்ன பண்ற?"

"ஃபைசலாபாத்துல தறி ஓட்டறேன். ஞாயித்துக்கிழமை க்ளப்புல ஆடறேன். இந்த சீசன்ல எழுநூத்திப்பத்து ரன். இந்தத் தேர்வுக்கு வர எனக்கு இதுதான் கடைசி வருஷம், சாஹிப். இதை விட்டா ஆயுசுக்கும் தறிதான்."

இக்ராமுல்லா அவன் முகத்தைப் பார்த்தார். மின்சாரம் போய் ஒரு மணி நேரமாகிவிட்டது. கணினி இருண்டு கிடந்தது. கரண்ட் வந்தால்தான் பட்டியலைப் பார்க்க முடியும்.

"இங்க பாரு தம்பி. இருபத்திமூணைத் தாண்டின யாரையும் நான் விடறதில்ல. பட்டியல்ல இருபதுன்னு இருந்தா, உன் மூணையும் சேர்த்து இருபத்திமூணு. நெசத்தைச் சொன்னதுக்காக நானே கையெழுத்துப் போட்டு உள்ள அனுப்பறேன். இருபத்தொண்ணுன்னு இருந்துச்சுன்னா, பேசாம பஸ் ஏறிடு."

இம்தாத் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் மின்விசிறி சுற்றத் தொடங்கியது. பஷாரத் கணினியை உயிர்ப்பித்து, பெயரைத் தட்டினான். திரையைப் பார்த்தவன் இந்த முறை சிரிக்கவில்லை.

"இருபத்தாறுன்னு இருக்கு, சாஹிப்."

இக்ராமுல்லாவுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. ஒருவனாவது நேர்மையானவன் என்று நினைத்தோமே.

"பட்டியல்லயே இருபத்தாறு. மூணைக் கூட்டினா இருபத்தொம்பது. எந்த தைரியத்துல இங்க வந்து நிக்கிற? பஷாரத், அடுத்த ஆளைக் கூப்பிடு."

இம்தாத் நகரவில்லை. முத்திரை குத்திய பிறப்புச் சான்றிதழைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தான்.

"கூட்டக் கூடாது சாஹிப், கழிக்கணும். பதினெட்டு ஆனவங்களைத்தான் ஆலையில வேலைக்கு எடுப்பாங்கன்னு எங்கப்பா ஏத்தி எழுதிட்டாரு. அந்த மூணு ஆட்டமும் ஆடறப்போ எனக்கு வயசு பதினஞ்சு."