மூன்று மிதி

எஞ்சின் நின்றது.

வெடிக்கவில்லை, குலுங்கவில்லை. ஓடிக்கொண்டிருந்த சத்தம் இல்லாமல் போனது, அவ்வளவுதான்.

பக்கத்து இருக்கையில் இருந்த முருகேஷின் கால், அங்கே இல்லாத பிரேக்கை மிதித்தது. தொப்பூர் கணவாயின் இறக்கம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. முன்னால் இரும்புக் கம்பி ஏற்றிய லாரி ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. பின்னால் இன்னொன்று.

காரை ஓட்டியவர் நிர்மலா டீச்சர். கார் அவருடையது. தர்மபுரியிலிருந்து அரூர்ப் பக்கம் பள்ளிக்கூடத்துக்குப் போய்வர வாங்கி எட்டு மாதம்தான் ஆகிறது. ஓடும்போதே இரண்டு முறை அணைந்துபோனது என்று சர்வீஸ் சென்டரில் கொண்டுவந்து விட்டிருந்தார்.

பதினோரு நாள் வைத்திருந்து அவர்கள் கொடுத்த பதில் முருகேஷின் மடியில் கிடந்தது. வெளிக்கடையில் ரிவர்ஸ் கேமரா பொருத்தியதால் வயரிங் கெட்டுவிட்டது, வாரண்டியில் வராது, முழு வயரிங்கையும் மாற்ற எழுபத்தெட்டாயிரம் ரூபாய். கீழே சர்வீஸ் அட்வைசர் என்ற இடத்தில் முருகேஷின் கையெழுத்து. வாடிக்கையாளர் என்ற இடம் காலியாக இருந்தது.

டீச்சர் சண்டை போடவில்லை. "கேமராதான காரணம்? அதைக் கழட்டிருங்க. தொப்பூரு வரைக்கும் ஒரு ரவுண்டு போய்ட்டு வந்து கையெழுத்துப் போடறேன். நீங்களும் ஏறுங்க சார்" என்றார்.

மேனேஜர் கண்ணாடிக்கு அந்தப்புறமிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஏற மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? கேமராவைக் கழற்றி வைத்துவிட்டு முருகேஷ் ஏறினான். பெல்ட்டை மாட்டி, சரியாக மாட்டியிருக்கிறதா என்று இரண்டு முறை இழுத்துப் பார்த்தான்.

கார் பிரேக்கை நம் கால் மட்டும் அழுத்துவதில்லை. பெடலுக்கு அப்பால், எஞ்சின் அறைக்குள், சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் ஒரு தகர டப்பா இருக்கிறது. அதன் நடுவில் ரப்பர் திரை. எஞ்சின் ஓடும்வரை டப்பாவின் காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். கால் பெடலைத் தொட்டதும் திரையின் ஒரு பக்கம் மட்டும் வெளிக்காற்று புகுந்து, திரையைத் தள்ளும். பிரேக்கின் பலத்தில் பெரும்பங்கு அந்தக் காற்றுடையது. கால் அதற்குச் சொல்லி மட்டும் விடுகிறது.

எஞ்சின் நின்றால் உறிஞ்சுவதும் நிற்கும். டப்பாவில் மிச்சமிருக்கும் வெற்றிடம் இரண்டு மிதிக்கு, மிஞ்சினால் மூன்று மிதிக்குத் தாங்கும். அதற்குப் பிறகு பெடல் கருங்கல்.

கியர் போட்டு ஓட்டும் காராக இருந்தால் உருளும் சக்கரங்களே எஞ்சினைச் சுற்றவைக்கும், உறிஞ்சலும் தொடரும். இது ஆட்டோமேட்டிக். எஞ்சின் நின்றதும் சக்கரங்களோடு அதற்கிருந்த தொடர்பு விட்டுப்போகும்.

புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு இதையெல்லாம் முருகேஷ் பலகையில் படம் போட்டு விளக்கியிருக்கிறான். படத்தில் இறக்கம் கிடையாது.

டீச்சர் பதறி மிதித்தார். வேகம் சற்றே குறைந்தது. காலை எடுத்தார்.

ஒன்று.

ஸ்டியரிங் கனத்துவிட்டது. வளைவில் அவர் தோளையும் சேர்த்துக் கொடுத்துத் திருப்பினார். முன்னால் போன லாரிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கம்பிகளின் முனையில் சிவப்புத் துணி கட்டியிருந்தது. அந்தத் துணி பெரிதாகிக்கொண்டே வந்தது. மறுபடி மிதித்தார். மறுபடி எடுத்தார்.

இரண்டு.

முருகேஷுக்குச் சசிகலா நினைவுக்கு வந்தாள். அவன் மனைவி. காலையில் அரூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக்கொள்ளாமலே ஓடியிருந்தாள்.

"விட்டு விட்டு மிதிக்காதீங்கக்கா!" அதுவரை மேடம் என்றுதான் கூப்பிட்டிருந்தான். "இனி ஒரே மிதிதான்! அழுத்திப் புடிங்க, காலை எடுக்கவே கூடாது!"

டீச்சர் இருக்கையைவிட்டு எழும்பி, முழு எடையையும் பெடலில் இறக்கினார். முருகேஷ் கைபிரேக்கை ஒவ்வொரு பல்லாக இழுத்தான். ஒரேயடியாக இழுத்தால் பின்சக்கரங்கள் பூட்டிக்கொண்டு கார் சுழன்றுவிடும். கை அவசரப்பட்டது. அதை அடக்கி அடக்கி இழுத்தான்.

கார் சாலையோரம் இறங்கி, சரளையில் நறநறவென்று இழுபட்டு, தடுப்புச்சுவருக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

பின்னால் வந்த லாரி ஹாரனை அலறவிட்டபடி கடந்து போனது. அந்தக் காற்றில் கார் ஆடியது.

டீச்சரின் கால் பெடலைவிட்டு வரவில்லை.

முருகேஷ்தான் முதலில் வாயைத் திறந்தான். பதினோரு நாளாகச் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். "கேமரா மாட்டுனப்பவே வயரு கெட்டிருக்கும் மேடம்..."

டீச்சர் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். பேசியபோது அவர் குரல் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் குரலாக இருந்தது.

"வண்டி உங்ககிட்ட நின்ன பதினோரு நாளும் நான் அரூர் பஸ்லதான் போய் வந்தேன் தம்பி. பக்கத்து சீட்டுல உங்க வூட்டுக்காரம்மா. உங்ககிட்டயும் இதே வண்டிதானாமே, ஸ்டாஃப் வெலைக்கு எடுத்தது. ஒரு நாள் பாதி வழியில நின்னுச்சாம். அன்னையிலருந்து சாவியை நீங்களே வெச்சுக்கிட்டு, வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடிட்டீங்களாம். ஏன்னு கேட்டா பதிலே சொல்றதில்லைன்னு பொலம்புச்சு."

முருகேஷ் மடியிலிருந்த தாளில் தன் கையெழுத்தின் மேல் உள்ளங்கையை வைத்தான்.

"நான் அந்தப் புள்ளகிட்ட ஒன்னே ஒன்னுதான் கேட்டேன். அதுல கேமரா மாட்டியிருக்கீங்களான்னு."