வெயிலில் பிறந்த பெயர்

"என்ன பேருன்னு சொன்னீங்க? இன்னொரு தடவை சொல்லுங்க!"

"பாஸ்ஜீன், மேடம்."

பிறப்புப் பதிவு எழுதும் அந்த அம்மாள் பேனாவை மேசையில் போட்டாள். ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம், பதினைந்து நாள் பெண் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றான் அவன். சட்டைக் காலரில் பால் கக்கிய கறை.

"அர்த்தம் தெரியுமா?"

"ஒளியில பிறந்ததுன்னு அர்த்தம். கிரேக்கச் சொல்லாம்."

"அட, நல்லாத்தானே இருக்கு!" என்றார் வரிசையில் பின்னால் நின்றவர்.

"நீங்க சும்மா இருங்க சார்! போன வாரம் ஒருத்தர் புதுமையா ஒரு பேரோட வந்தார். தேடிப் பார்த்தா, ஏதோ ஒரு பாஷையில நாற்காலின்னு அர்த்தம். அதைக்கூடச் சிரிச்சுட்டு விட்டேன். இது விஷ வாயு! நான் வேதியியல் படிச்சவ. இருநூறு வருஷத்துக்கு முன்னாடி ஒரு விஞ்ஞானி ரெண்டு வாயுவைக் கலந்து வெயில்ல வச்சார். வெளிச்சம் பட்டு இது உண்டாச்சு. அதனால அப்படி ஒரு அழகான பேரு! அப்புறம் போர்ல இதை விட்டு எத்தனை பேரைக் கொன்னாங்க தெரியுமா?"

"தெரியும் மேடம். சுவாசிச்ச உடனே ஒண்ணும் தெரியாது. லேசா இருமல்தான். அப்புறம் நுரையீரல்ல நீர் கோத்துக்கும்."

"தெரிஞ்சுமா?" அவள் குரல் வராண்டா வரை கேட்டது. "நாளைக்குப் பள்ளிக்கூடத்துல இவளை என்ன சொல்லிக் கூப்பிடுவாங்க? பச்சைக் குழந்தை தலையில இதையா கட்டுவீங்க?"

"பின்னால மாத்திக்கலாம்ல?"

"மாத்தலாம். பக்கத்துல புதுப் பேரை எழுதுவோம். பழசை அடிக்க முடியாது. எத்தனை வருஷம் ஆனாலும் புத்தகத்துல அப்படியே இருக்கும்."

"அப்ப சரி. எழுதுங்க."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பெத்தவர் சொல்ற பேரை மறுக்க எனக்கு அதிகாரம் இல்லை. இருந்திருந்தா உங்களை இந்த வாசல்லயே திருப்பி அனுப்பியிருப்பேன்."

பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாள். பிறந்த தேதிக்கு நேராக, எழுத்துக்கூட்டி, அந்தப் பெயர். பதிவேட்டை அவன் பக்கம் திருப்பினாள். அவன் கையெழுத்துப் போட்டான். அவள் அடுத்த கட்டத்தை விரலால் தொட்டாள்.

"இது அம்மா கையெழுத்துப் போடுற இடம். அவங்களைக் கூட்டிட்டு வாங்க. பத்து மாசம் சுமந்தவ இந்த அநியாயத்துக்கு எப்படிச் சம்மதிச்சான்னு நான் நேர்லயே கேக்கறேன்!"

அவன் சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து அவள் முன்னால் விரித்தான். பக்கத்து ஜன்னலில் அன்று காலை கொடுத்த இறப்புச் சான்றிதழ்.

"எங்க வீட்டுக்குப் பக்கத்து ஆலையில வாயுக் குழாய் வெடிச்ச அன்னைக்குத்தான் இவ பிறந்தா. மறுநாள் இவ அம்மா மூச்சு முட்டிப் போயிட்டா. அப்படி ஒரு வாயுவே எங்ககிட்ட இல்லைன்னு ஆலைக்காரங்க எழுதிக் கொடுத்துட்டாங்க மேடம். அதனால செத்தவங்க புத்தகத்துல, சாவுக்குக் காரணம்னு அந்தப் பேரை எழுத மாட்டேன்னுட்டாங்க. பிறந்தவங்க புத்தகத்துலயாவது, அந்தத் தேதிக்கு நேரா, அது இருக்கணும்ல?"