விட்ட இடம்

"கொலைகாரன் எங்கயும் ஓடிட மாட்டான், கம்பெனி வேன்தான் ஓடிடும். எந்திரிய்யா!" என்று சொல்லி அன்று காலையில் டிவியை நிறுத்தியவள் பூங்கொடிதான். ஓடிக்கொண்டிருந்த துப்பறியும் தொடரின் கடைசிப் பகுதியில் பத்து நிமிடம் பாக்கி இருந்தது. புருஷன் ஆதிகேசவன் முணுமுணுத்துக்கொண்டே ஆம்பூர் ஷூ கம்பெனிக்குக் கிளம்பிப் போனான். மத்தியானம் மெஷின் முன்னால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தவன், பிறகு எழவே இல்லை.

காரியமெல்லாம் முடிந்து இன்றுதான் அவள் டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். சத்துவாச்சாரி வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைத் திரையில் சாய்த்துப் போடுகிறது. அவன் விட்ட இடம் வரைக்கும் ஆப்பில் அந்தத் தொடரின் படத்துக்கு அடியில் ஒரு சிவப்புக் கோடு ஓடியிருக்கும். அதைப் பார்த்தால் போதும் அவளுக்கு. ஆனால் தொடரையே காணோம். மகள் நந்தினி ரிமோட்டை வாங்கித் தேடுகிறாள். "ம்மா, அது இந்த ஆப்லேருந்து போய்ட்சு. போட்டி கம்பெனிக்காரன் ஜாஸ்தி குடுத்து வாங்கிட்டான்." புது ஆப்பைப் போடுகிறாள். அதே தொடர், அதே முகங்கள். கோடு மட்டும் இல்லை. எட்டுப் பகுதிகளும் யாருமே பார்க்காதவை போல வரிசையாக நிற்கின்றன. "அப்பா எங்க விட்டாருன்னு இவனுக்குத் தெரியாதாடி?" "இவனுக்கு எப்படிம்மா தெரியும்? மொதல்லேருந்துதான் வரும்." அன்று வேன்காரன் இன்னும் நாலு ஹாரன் அடித்துக் காத்திருந்தால்தான் என்ன என்று பூங்கொடி முந்தானை நுனியைச் சுருட்டுகிறாள், பிரிக்கிறாள். நந்தினி முதல் பகுதியைத் தட்டுகிறாள். வீடே அதிர்கிறது. மெஷின் இரைச்சலில் காது மந்தமாகிப்போனவன் வைத்த வால்யூம் அப்படியே இருக்கிறது.