தெற்கிலிருந்து வந்த ரயில்

தெற்கே ஆற்றின் மேலிருந்த ஒரே ரயில் பாலத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போனதிலிருந்து, ஹட்சன் விரிகுடாவிலுள்ள எங்கள் துறைமுகத்துக்குப் பதினெட்டு மாதமாக ரயில் இல்லை. செவ்வாய் மதியம் கோதுமையோடு ஒன்று வந்து நின்றது. ஊரே கைதட்டியது. நிலைய அதிகாரி வெர்னா, பாலம் கட்டும் ரஸ்ஸலுக்குப் போன் செய்தாள்.

“எப்பய்யா முடிச்சீங்க? சொல்லவே இல்ல!”

“எதை முடிச்சோம்? இன்னும் தூணே நடலக்கா. ஆத்தங்கரையிலதான் நிக்கிறேன்.”

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஓட்டுநரைக் கேட்டாள்.

“பாலத்து மேலதான் வந்தேன். உங்க ஆளுங்க கையாட்டுனாங்களே!”

கோதுமையை இறக்கியதும், திரும்பும் வண்டியின் பயணிகள் பெட்டியில் இருபது பேர் ஏறிவிட்டார்கள். வெர்னா கெஞ்சி இறக்கினாள். திட்டிக்கொண்டே இறங்கினார்கள்.

“நீங்களும் போகாதீங்க.”

“வீட்டுல தேடுவாங்கம்மா,” என்று ஓட்டுநர் கிளம்பினார்.

மாலையில் ரஸ்ஸல் கூப்பிட்டான். “இந்தப் பக்கம் எதுவும் வரலக்கா.”

வெளியே, கோதுமையைக் கப்பலில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.